முடிகிற வேலையும் முடியாத வேலையும்: நிதி நிறுவனங்களின் தொழில்நுட்பத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

நிதி நிறுவனங்களின் தொழில்நுட்பத் தலைவர்களுக்கும், அவர்களுக்கு ஆள் எடுத்துத் தரும் மனிதவளத் துறையினருக்கும், அந்த ஆட்களுக்குக் காசோலை எழுதும் நிதிக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் வணக்கம்.

வங்கிகளிலும் பங்குத் தரகு நிறுவனங்களிலும் நிரல் எழுதுவதே என் பிழைப்பு. அதில் 11 ஆண்டுகள் நிரந்தர ஊழியனாகவும் 7 ஆண்டுகள் ஒப்பந்தத்திலும் கழிந்திருக்கின்றன. ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே வேலை, கழுத்தில் தொங்கிய அட்டையின் நிறம் மட்டும் வேறு. நிறம் மாறியதால் என் நிரலின் தரம் கூடியதாகவோ குறைந்ததாகவோ நினைவில்லை. எழுதிய நிரலுக்கு எத்தனை நாள் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் தலைகீழாக மாறியது. உங்களிடம் நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

ஆண்டுதோறும் நிதிநிலைத் திட்டம் போடும் மாதங்களில் நடக்கும் ஒரு காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான். குழுத் தலைவர் ஒருவர், வேலை குவிந்து கிடக்கிறது, இரண்டு பேர் வேண்டும் என்று கேட்கிறார். ஹெட்கவுன்ட் மூடியாயிற்று, நிரந்தர இடம் ஒன்றுகூடக் கிடையாது என்று பதில் வருகிறது. அதே வாரத்தில், திட்டச் செலவுக் கணக்கிலிருந்து மூன்று ஒப்பந்தக்காரர்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதலும் வந்து சேருகிறது. மூன்று ஒப்பந்தக்காரர்களுக்கு ஓர் ஆண்டில் ஆகும் செலவு இரண்டு நிரந்தர ஊழியர்களுக்கு ஆவதைவிட அதிகம் என்பதை அந்த அறையில் இருக்கும் எல்லோரும் அறிவார்கள். இருந்தும் ஒப்புதல் கிடைக்கிறது, ஏனென்றால் ஒன்று தலைக்கணக்கில் ஏறும், மற்றது ஏறாது. இந்த வேலை எப்போது முடியும், முடிந்த பிறகு அதைப் பற்றி யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பந்தப் பணியே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமல்ல. அது மிகச் சரியாகப் பொருந்தும் வேலைகள் உங்கள் துறையில் இருப்பதுபோல வேறு எங்கும் இல்லை என்றே சொல்வேன். அமெரிக்கப் பங்குச் சந்தைகளில் பரிவர்த்தனைத் தீர்வுக் காலம், அதாவது விற்ற பங்கும் அதற்கான பணமும் கைமாற எடுக்கும் காலம், 2024 மே 28 அன்று இரண்டு வணிக நாட்களிலிருந்து ஒரே நாளாகச் சுருங்கியது. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு டி+2 என்பது டி+1 ஆனது, அவ்வளவே. உள்ளே இருந்தவர்களுக்கோ, வணிகம் நடந்த அன்றே நியூயார்க் நேரப்படி இரவு 9 மணிக்குள் விவரங்கள் உறுதி செய்யப்பட்டாக வேண்டும், பூமியின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் முதலீட்டாளருக்கு வேண்டிய டாலர் அதற்குள் ஏற்பாடாக வேண்டும், கடனாகக் கொடுத்து வைத்த பங்குகளைத் திரும்பப் பெறும் அவகாசம் பாதியாகக் குறையும் என்று நூறு இடங்களில் கைவைக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதியை நாம் குறிக்கவில்லை, வெளியிலிருந்து குறித்துக் கொடுத்தார்கள். 2017 செப்டம்பரில் டி+3இலிருந்து டி+2க்கு மாறியபோது வேறு நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார்கள், எந்தெந்தக் கோப்பு எங்கே இடறும் என்பதை முன்கூட்டியே சொன்னார்கள், மாற்றம் நடந்து முடிந்த பின் விடைபெற்றுப் போனார்கள். அவர்களை நிரந்தரமாக வைத்திருந்தால் உங்களுக்கும் நட்டம், அவர்களுக்கும் சலிப்பு. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் இதே மாற்றத்திற்கு 2027 அக்டோபர் 11ஐக் குறித்திருக்கின்றன. அப்போதும் அந்த அனுபவசாலிகள் தேடப்படுவார்கள், தேடப்படவும் வேண்டும்.

உலகெங்கும் கடன் ஒப்பந்தங்கள் பல அடிப்படையாகக் கொண்டிருந்த லைபார் வட்டி விகிதம் ஓய்வு பெற்றதும் அப்படிப்பட்ட வேலைதான். டாலர் லைபாரின் முக்கிய விகிதங்கள் வங்கிகளின் மதிப்பீட்டிலிருந்து வெளிவருவது 2023 ஜூன் 30உடன் நின்றது. தவணை தொடங்கும்போதே வட்டி இவ்வளவு என்று தெரிந்துவிடும் பழைய முறைக்குப் பதிலாக, ஒவ்வொரு நாளின் விகிதத்தையும் கூட்டிச் சேர்த்து, தவணையின் கடைசியில்தான் வட்டி தெரியவரும் முறை பல ஒப்பந்தங்களில் வந்தது. அதற்காக எழுதப்பட்ட மாற்று நிரல்களில் பெரும்பகுதி ஒருமுறை ஓடி, வேலை முடிந்து, பரணில் ஏறிவிட்டது. ஒப்பந்தம் என்ற ஏற்பாடே இதற்காகத்தான் இருக்கிறது.

ஆனால் நாள்தோறும் வட்டி கணக்கிடும் நிரலுக்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது. இரவு ஓடும் கணக்குச் சரிபார்ப்புக்கும், மாத இறுதிப் பேரேட்டுக்கும், ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பும் அறிக்கைக்கும் கிடையாது. நிறுவனம் உள்ளவரை அவை ஓடும். அந்த வேலைகளையும் ஆறு மாத ஒப்பந்தங்களாக நறுக்கிக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு என் கணக்கிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

ஒரு வங்கியின் கடன்பத்திரப் பிரிவில் நான் ஒப்பந்தத்தில் இருந்த காலம் அது. கடன்பத்திரத்தில் சேர்ந்துவரும் வட்டியை நாள் எண்ணிக் கணக்கிட வேண்டும், நாள் எண்ணுவதற்குப் பல மரபுகள் உண்டு. பிப்ரவரி 28இலிருந்து மார்ச் 1 வரை எத்தனை நாள் என்று கேட்டால், லீப் ஆண்டு அல்லாதபோது நாட்காட்டி 1 நாள் என்று சொல்லும். எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று வைத்துக்கொள்ளும் 30/360 மரபின் ஐரோப்பிய வடிவம் 3 நாள் என்று சொல்லும். அதே மரபின் அமெரிக்க வடிவங்களுள் ஒன்று, பிப்ரவரியின் கடைசி நாளை 30ஆம் தேதியாகவே பாவிப்பதால், மறுபடியும் 1 நாள் என்று சொல்லும். எங்கள் நிரலில் எல்லாப் பத்திரங்களுக்கும் அமெரிக்க வடிவம் இருந்தது. பழைய பத்திரங்கள் சிலவற்றுக்கு மட்டும் அது பொருந்தாது என்பதை, பின்னலுவலகத்தில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் எனக்குக் காட்டினார். வெளியீட்டு ஆவணத்தின் வருடி எடுத்த பக்கம் ஒன்றைத் திறந்து, நடுவில் மங்கலாகத் தெரிந்த ஒரு வரியில் பேனா முனையை வைத்து, இதை வாசியுங்கள் என்றார். அன்று மாலையே அந்தப் பத்திரங்களின் எண்களைப் பட்டியலிட்டு, இவற்றுக்கு ஐரோப்பிய வடிவம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். மேலே ‘தனி விதி’ என்று இரண்டு வார்த்தைக் குறிப்பு எழுதினேன். எதற்காகத் தனி, யார் சொன்னது, எந்த ஆவணம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததே, எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

ஒப்பந்தக்காரர் எவரும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிப்படி ஒரு வெள்ளிக்கிழமையோடு என் காலம் முடிந்தது. 14 பக்கத்தில் ஒப்படைப்பு ஆவணம் எழுதிக் கொடுத்திருந்தேன். நிரலை எப்படித் தொடங்குவது, எந்தச் சர்வரில் ஓடுகிறது, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் இருந்தன. மாலை ஐந்தரைக்கு என் கடவுச்சொல் செத்தது. எனக்குப் பின் வந்தவரும் ஒப்பந்தக்காரர்தான், கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டேன். நிரலைத் துப்புரவு செய்யும்போது, காரணம் எழுதப்படாத, சோதனைகள் எதுவும் தொடாத அந்த நிபந்தனையைப் பார்த்து, முந்தைய ஆள் விட்டுப்போன குப்பை என்று எடுத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அடுத்த மார்ச் முதல் தேதி அந்தப் பத்திரங்களின் வட்டியில் இரண்டு நாள் குறைந்தது. எதிர்த்தரப்பு நிறுவனம் புகார் எழுப்பியது. அந்த அம்மையார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று என்று பழைய சக ஊழியர் ஒருவர் பிறகு ஒரு நாள் தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்திருந்தது. என்னை அழைத்துக் கேட்க அந்த வங்கியின் விதிகளில் வழி இல்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

இதில் என் சோம்பலுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் நிரந்தர ஊழியனாக இருந்த இடங்களிலும் இதே சோம்பலோடுதான் குறிப்பு எழுதியிருக்கிறேன். அங்கே விபத்து நேராததற்குக் காரணம், துப்புரவு செய்ய வந்தவர் என் மேசைக்கு நடந்து வந்து, இது என்ன என்று கேட்டதுதான்.

அந்த இரண்டு ஆண்டு விதி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் ‘தற்காலிகமாக’ வேலை பார்த்தவர்கள், நிரந்தர ஊழியருக்கு உரிய பங்குத் திட்டம் முதலிய சலுகைகள் தங்களுக்கும் உரியவை என்று 1990களில் வழக்குத் தொடுத்தார்கள். விஸ்கைனோ வழக்கு என்று அறியப்படும் அது, 2000ஆம் ஆண்டில் 97 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. நீண்ட நாள் ஒரே வேலையைச் செய்பவர் ஊழியரே என்பதுதான் அந்த வழக்கிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது. நிறுவனங்கள் பலவும் கற்றுக்கொண்டதோ, ஒருவரையும் நீண்ட நாள் வைத்திருக்காதே என்பதை. வேலை தொடரும், ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். வழக்கறிஞரின் பார்வையில் இது பாதுகாப்பு. நிரலின் பக்கத்திலிருந்து பார்த்தால், 24 மாதத்துக்கு ஒருமுறை திட்டமிட்டு நினைவிழக்கும் நோய்.

பிரிட்டனில் சட்டமே இதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. ஐஆர்35 என்று அழைக்கப்படும் வரி விதிகள் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டு வரும் ஒப்பந்தக்காரர் உண்மையில் மாறுவேடத்தில் உள்ள ஊழியரா என்று அவரே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2021 ஏப்ரல் 6 முதல் தனியார் துறையிலும் அந்தத் தீர்மானம் வேலை கொடுக்கும் நடுத்தர, பெரிய நிறுவனங்களின் தலையில் வைக்கப்பட்டது. அவர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை நீங்கள் கட்டுப்படுத்துகிறீர்களா, தனக்குப் பதில் வேறொருவரை அவர் அனுப்ப முடியுமா, தொடர்ந்து வேலை தருவதும் பெறுவதும் இரு தரப்புக்கும் கடமையா என்பவை அதன் உரைகற்கள். ஒவ்வோர் இடத்தையும் எடுத்துவைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், எது முடிகிற வேலை, எது முடியாத வேலை என்ற பட்டியல் தானாகவே கிடைத்திருக்கும். வங்கிகள் பலவும் அந்தச் சிரமத்தை மேற்கொள்ளாமல், சொந்த நிறுவன ஒப்பந்தக்காரர்களே வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகக் கதவை அடைத்தன. நல்ல கேள்வி ஒன்றை விடையளிக்காமலே வீணாக்கினார்கள் என்பது என் வருத்தம்.

உங்கள் துறைக்கு ஆள் சார்பின் ஆபத்து தெரியாது என்று சொல்ல முடியாது. பொறுப்பான இடங்களில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் விடுப்பெடுத்தே ஆக வேண்டும் என்ற விதி பல நிதி நிறுவனங்களில் இருக்கிறது. ஒருவர் நாற்காலியை விட்டு நகர்ந்தால்தான் அவர் மூடிவைத்தது வெளியே தெரியும் என்பது அதன் தத்துவம். 2008 ஜனவரியில் சொசியெத்தே ஜெனரால் வங்கி, தன் வணிகர் ஒருவரால் 4.9 பில்லியன் யூரோ இழந்ததாக அறிவித்தபோது, அவர் விடுப்பெடுக்காமலே இருந்தது கவனிக்கத் தவறிய அறிகுறிகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்படுத்திய அதே விதியை, அறிவு ஓரிடத்தில் தேங்கிக் கிடப்பதைக் கண்டுபிடிக்க நிரலாளர்களுக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறீர்களா? ஒப்பந்தக்காரர் விடுப்பெடுத்தால் அவருக்குச் சம்பளம் இல்லை, ஆகவே அவர் எடுப்பதில்லை. தணிக்கையாளர் பார்வையில் இதுவே சந்தேகத்துக்குரிய நடத்தை என்பதை எண்ணினால் சிரிப்புதான் வருகிறது.

நினைவிழப்பின் விலை எவ்வளவு ஏறக்கூடும் என்பதற்கு நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தின் கதையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் அதன் அமைப்பு, எவரும் கேட்காத ஆணைகளைச் சந்தைக்குள் கொட்டத் தொடங்கியது. நின்றபோது சுமார் 45 நிமிடம் கழிந்திருந்தது, இழப்பு 460 மில்லியன் டாலருக்கும் மேல். எட்டுச் சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. எனக்கு உறைப்பது இன்னொன்று. எட்டாவது சர்வரில் விழித்துக்கொண்ட ‘பவர் பெக்’ என்ற நிரலை அந்த நிறுவனம் 2003ஆம் ஆண்டே பயன்பாட்டிலிருந்து நிறுத்தியிருந்தது. ஆனால் அழிக்கவில்லை. அதை எழுப்பும் கொடியையே, அதாவது நிரலுக்குள் சுவிட்ச் போல இருக்கும் குறியையே, ஒன்பது ஆண்டு கழித்துப் புதிய வேலைக்கு எடுத்து ஒட்டினார்கள். அங்கே எழுதியவர்கள் நிரந்தர ஊழியர்களா ஒப்பந்தக்காரர்களா என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை, அவர்கள் மேல் பழி போடவும் இல்லை. அந்தக் கொடி முன்பு எதை எழுப்பியது என்பதை அறிந்த ஒருவர் அந்த வாரம் அந்த அறையில் இருக்கவில்லை, அல்லது அவரிடம் கேட்கப்படவில்லை. நிரலின் ஆயுள் ஒன்பது ஆண்டு என்றால், அதை அறிந்தவரின் ஆயுளை ஆறு மாத அளவில் வெட்டுவது எப்படிச் சிக்கனமாகும்?

இனி பணத்தைப் பற்றி. இதில் உங்கள் ஆள்சேர்ப்பு முகவர்கள் இளைஞர்களுக்குச் சொல்லும் கணக்கு நேர்மையானதல்ல. நாங்கள் ‘ரேட்’ என்று நாசூக்காகச் சொல்லிக்கொள்வதற்குத் தமிழில் நாட்கூலி என்று பெயர். வேலை இருந்த நாளுக்குக் கூலி, இல்லாத நாளுக்கு இல்லை. ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்று 260 நாளால் ரேட்டைப் பெருக்கிக் காட்டி, பார், நிரந்தரச் சம்பளத்தைவிட எவ்வளவு அதிகம் என்கிறார்கள். நிரந்தர ஊழியருக்கு அந்த 260 நாளுக்கும் சம்பளம் உண்டு. ஒப்பந்தக்காரருக்குப் பொது விடுமுறை 10, சொந்த விடுப்பு 20, உடல்நலமின்மை 5, ஒரு ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வேலை தேடும் நாட்கள் 20 என்று கழித்தால் கையில் மிஞ்சுவது 205. சமநிலைக்கு வரவே ரேட் சுமார் 1.27 மடங்கு இருக்க வேண்டும். ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, போனஸ், வேலை போனால் கிடைக்கும் இழப்பீடு, மகப்பேற்று விடுப்பு ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. என் அனுபவத்தில் ஒன்றரை மடங்குக்குக் கீழே உள்ள ரேட், பார்வைக்கு மட்டுமே உயர்வு. வேலை இல்லாத இடைவெளி நான்கு மாதமாக நீண்ட ஓர் ஆண்டில் அந்த ஒன்றரை மடங்கும் போதவில்லை.

மறுபுறம், நிரந்தர ஊழியரின் போனஸைப் பற்றியும் உண்மை சொல்லப்படுவதில்லை. ஆண்டு முடிந்து சில மாதம் கழித்து, அன்றைய தேதியில் பணிப்பதிவில் இருப்பவருக்கு, ராஜினாமா கொடுக்காதவருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரும் தொகை அது. அதனால்தான் பணம் வங்கிக் கணக்கில் விழுந்த மறுவாரம் விடைபெறும் மின்னஞ்சல்கள் வரிசையாக வருகின்றன. நிறுவனத்தின் லாபம் வீழ்ந்தால் போனஸ் சுருங்கும், நிரலாளர் வணிகத்தில் இழந்ததோ வென்றதோ எதுவும் இல்லாதபோதும். ஒப்பந்தக்காரருக்கு இதன் இணை, எல்லோருடைய ரேட்டையும் ஒரே விழுக்காடு குறைத்துவிட்டோம், சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்குள் சொல் என வரும் கடிதமும், டிசம்பரின் கடைசி இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இரு என்ற உத்தரவும். ஆண்டு இறுதி நெருங்கும்போது நிரல் மாற்றங்களுக்குத் தடை இருக்கும் என்பதால், அந்த இரண்டு வாரம் உங்களுக்கு எதுவும் குறையாது என்பது நியாயமே. ஒப்பந்தத்தில் முதல் நாளே அதை எழுதிவிடலாமே என்பதுதான் என் கேள்வி.

பணத்தைவிட அதிகமாக நான் கவலைப்படுவது, உங்கள் ஏற்பாட்டில் நிரந்தர ஊழியருக்கு என்ன ஆகிறது என்பதைக் குறித்து. ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஆறு பேர் ஒப்பந்தத்தில் இருந்தால், மீதி மூன்று பேர் நிரல் எழுதுவதில்லை. ஆறு பேருக்கும் அணுகல் உரிமை கேட்டு விண்ணப்பம் போடுவது, ஆண்டுக்கு நான்கு முறை அந்த உரிமைகள் தேவைதானா என்று உறுதி செய்வது, தணிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, புரொடக்‌ஷனில் ரிலீஸ் ஏற்ற கையொப்பம் இடுவது, நள்ளிரவில் ஏதாவது விழுந்தால் எழுந்து அமர்வது என்று அவர்களுடைய நாள் போய்விடுகிறது. நிறுவனக் கணக்குகளின் நேர்மைக்காக அமெரிக்கா 2002இல் இயற்றிய சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பிறகு, எழுதுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்ற உள்கட்டுப்பாடு இறுகியது. அது நல்லதே. ஆனால் எழுதுபவர் எப்போதும் ஒப்பந்தக்காரர், ஒப்புதல் தருபவர் எப்போதும் நிரந்தரம் என்று பிரிந்துவிட்டால், ஒப்புதல் தருபவர் மூன்று ஆண்டில் நிரலை வாசிக்கும் திறனை இழந்துவிடுகிறார். அவர் பெயரில் பொறுப்பு இருக்கிறது, கையில் அறிவு இல்லை. ஒப்பந்தக்காரர் கையில் அறிவு இருக்கிறது, பெயரில் பொறுப்பு இல்லை. எனக்குத் தெரிந்த மிகத் திறமையான நிரந்தர நிரலாளர்கள் இருவர், கோட் எழுத ஆசைப்பட்டே வேலையை விட்டு ஒப்பந்தத்துக்குப் போனார்கள். அவர்களுள் ஒருவர் தான் விட்டுப்போன குழுவுக்கே ஆறு மாதம் கழித்து வேறு நிற அட்டையோடு திரும்பி வந்தார்.

ஒப்பந்தக்காரர் வெளிப்படையாகப் பேசுவார், ஆண்டு மதிப்பீட்டுக்கு அஞ்சமாட்டார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. முதல் மாதத்தில் அது உண்மை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய மாதம் நெருங்க நெருங்க அவர் குரல் தணிவதை நானே என் தொண்டையில் உணர்ந்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் என்றால், அவர் தயங்காமல் பேசும் காலம் ஆண்டுக்குச் சில வாரம்தான். இந்த அமைப்பு அடுத்த மாத இறுதியைத் தாங்காது என்று சொல்ல வேண்டியவர் வாய்மூடி இருப்பதன் விலையை எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

ஒழுங்குமுறையாளர்களும் இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2025 ஜனவரி 17 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த டோரா என்ற, நிதி நிறுவனங்களின் மின்னணு அமைப்புகள் இடையூறுகளைத் தாங்கி நிற்பதற்கான ஒழுங்குமுறை, தகவல் தொழில்நுட்பத்தில் வெளியாரிடம் பெறும் சேவைகளுக்கான ஒப்பந்தங்களைப் பதிவேட்டில் வைக்கச் சொல்கிறது. நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்கள் அதில் ஏறும். மே மாதத்தோடு போகப்போகும் ஒரு மனிதர் தலையில் இருக்கும் நாள் எண்ணும் விதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

எல்லோரையும் நிரந்தரமாக்கிவிடுங்கள் என்று கேட்கமாட்டேன். விரும்பியே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் உண்டு. பெற்றோரைக் கவனிக்க ஆண்டில் மூன்று மாதம் வேண்டுபவர், மேற்படிப்பின் நடுவே சம்பாதிப்பவர், ஒரே நிறுவனம் தனக்கென்று கட்டிவைத்த, வெளியே எவரும் கேள்விப்படாத கருவிகளில் பத்தாண்டு மூழ்கி, சந்தையில் விலைபோகாதவராகிவிட அஞ்சுபவர். அந்தக் கடைசி அச்சம் நியாயமானது, நிரந்தர வேலையின் மிகப் பெரிய மறைவிலை அதுதான் என்பேன். அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் முடிகிற வேலைகள் நிறைய இருக்கின்றன.

நான் கேட்பது, ஒவ்வோர் ஒப்பந்த இடத்துக்கும் எதிரே ஒரு தேதி எழுத வேண்டும் என்பதே. ஆளின் ஒப்பந்தம் முடியும் தேதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, வேலை முடியும் தேதி வேண்டும். அந்தத் தேதியை எழுத முடிகிற இடங்களில் நல்ல ரேட் கொடுத்து, டிசம்பர் இடைவெளியை முன்கூட்டியே சொல்லி, கடைசி இரண்டு வாரத்தைப் புதிய நிரல் எதுவும் தராமல், ‘எப்படி’யை விட்டு ‘ஏன்’ என்பதை மட்டும் எழுதிவைக்க ஒதுக்குங்கள். இரண்டு வாரக் கூலி பெரிதாகத் தோன்றினால் என் மூன்று வாரக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி எழுத முடியாத இடங்களை நிரந்தர இடங்களாக்கி, இப்போது அங்கே அமர்ந்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் மறுத்தால், மாற்று ஆள் வந்து குறைந்தது ஒரு மாத இறுதியையும் ஒரு காலாண்டு இறுதியையும் அவரோடு சேர்ந்து முடிக்கும்வரை அவரை அனுப்பாதீர்கள், இரண்டு ஆண்டு விதி குறுக்கே வந்தால் விதிக்கு விலக்குக் கொடுங்கள். அங்கே வரும் நிரந்தர ஊழியரின் வேலை நேரத்தில் பாதியாவது நிரல் எழுதுவதற்கென்று இருக்கட்டும். கையொப்பமிடுபவர் வாசிக்கத் தெரிந்தவராகவே இருக்க அது ஒன்றே வழி.

ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு அந்தத் தேதிப் பட்டியலைத் தயாரிக்க ஒரு பிற்பகல் போதும். போன மாதம் என் குழுவுக்கு நானே எழுதிப் பார்த்தேன். ஆறு ஒப்பந்த இடங்களில் இரண்டுக்கு மட்டுமே தேதி போட முடிந்தது.

இப்படிக்கு,
இரண்டு நிற அட்டைகளையும் அணிந்த ஒரு நிரலாளன்